விருந்தாளி போன பிறகு

தெசலோனிக்கி
17 அக்டோபர் 1993

அன்புள்ள பென்கா அண்ணிக்கு,

நெவெனா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ராலிக்குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த அயல்நாட்டு வீட்டில் வேலை பழகிவிட்டது. எவாந்தியா அம்மாளால் நடக்க முடியாது. தூக்கி உட்கார வைத்து ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். நல்ல மனுஷிதான். அவருடைய மகள்தான் கறார் பேர்வழி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் நான் தொலைபேசியைத் தொடலாம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குத் தபால் ஆபீசைத் திறந்து வைப்பதாக ஸ்லாத்கா ஒப்புக்கொண்டிருக்கிறாள். மறக்காமல் ராலியைக் கூட்டிக்கொண்டு போங்கள். போன தடவை அவள் என்னிடம், "அம்மா, ஆட்டுக்கு மூக்குல சளி. நான் தொடச்சி விட்டேன். அது என்னை முட்டுச்சு. நானும் முட்டுனேன்" என்று மூச்சு விடாமல் சொன்னாள். அன்று முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிற்கும் இடத்தில் நம் நாட்டுப் பெண்கள் கூடுவோம். மலைக் கிராமங்களில் தட்டம்மை பரவுகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். ராலிக்கு அந்த ஊசி விட்டுப்போயிற்று. ஒரு வயதில் போட்டிருக்க வேண்டும். அவள் அப்பா, உங்கள் தம்பி, சுரங்கத்தில் செத்துப்போன சமயம் அது, யாருக்கு நினைவு இருந்தது? வியாழக்கிழமை நர்ஸ் நம் ஊருக்கு வருவாள் இல்லையா, கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள். மூன்று வயதிலும் போடலாமாம்.

இந்தக் கடிதத்தையும் ராலிக்குக் குளிருக்கு ஒரு ஜோடி பூட்சையும் ஊருக்கும் இங்கேயுமாக ஓடுகிற மீத்கோவின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

உங்கள் நெவெனா


கலினோவோ
9 நவம்பர் 1993

நெவெனாவுக்கு,

உன் கடிதமும் பூட்சும் வந்தன. பூட்ஸ் ஒரு விரல் பெரிசு. பரவாயில்லை, கால் வளரும். என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே. எனக்கு முன்னாலேயே அது கல்லறைக்குக் கிளம்பிவிடும் போலிருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். கிழவியைத் தூக்கித் தூக்கி இடுப்பை உடைத்துக்கொள்ளாதே.

இங்கே முட்டைக்கோஸ் பீப்பாயில் இறங்கிவிட்டது. மிளகாய் சுட்டு, தோலுரித்து, அரைத்துப் பாட்டிலில் அடைத்தாயிற்று. உன் மகள் வேலை செய்தாள் என்று கேள்விப்பட்டால் நம்புவாயா? தோலுரித்த மிளகாயை எல்லாம் எடுத்துக் கோழிக்கூண்டில் விரித்திருந்தாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று அதட்டினால், "கோழிக்குப் போர்வை அத்தை, அதுக்குக் குளுரும்ல" என்கிறாள். அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஓயாது உன் பிள்ளைக்கு. எழுந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் பேச்சு. என் தம்பி நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான், இது யாரைக் கொண்டு பிறந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஊசி விஷயம். கூட்டிக்கொண்டு போனேன். புது நர்ஸ் வந்திருக்கிறாள், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி. ராலிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வா என்றாள். அடுத்த வாரம் அவளே வரவில்லை. பார்க்கலாம், அவசரம் ஒன்றுமில்லை. நாங்களெல்லாம் எந்த ஊசி போட்டு வளர்ந்தோம்?

ஸ்லாத்கா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

பென்கா


கலினோவோ
18 டிசம்பர் 1993

அன்பான நெவெனாவுக்கு,

வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். உன் சுகத்தை எழுது.

புனித வர்வாரா திருநாளன்று ரொட்டி சுட்டேன். சின்னச் சின்னதாகச் சுட்டு, மேலே தேன் தடவி, தெருமுனையில் நின்று குழந்தைகளுக்குக் கொடுத்தேன். நீ நகரத்தில் வளர்ந்தவள், உனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. குழந்தைகளைத் தேடி வருகிற கிழவிக்காகச் செய்வது. இனிப்பு தின்றால் அவளுக்குக் கோபம் தணியும், தொட்டும் தொடாமலும் போய்விடுவாள். அவள் பேரைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. விருந்தாளி என்றுதான் சொல்வோம்.

நம் தெரு மரீகா வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றாக. மரீகாவே வந்து கூப்பிட்டாள். "அக்கா, உன் புள்ளையையும் கூட்டிட்டு வா. ஒரே தட்டுல சாப்பிடட்டும். ஒண்ணா வந்து ஒண்ணா போயிட்டா நமக்கும் நிம்மதி." எங்கள் அம்மாவும் எங்களை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனாள். சின்னதில் வந்துவிட்டால் லேசு, பெரிதானால்தான் ஆபத்து. கூட்டிக்கொண்டு போனேன். தேன் ரொட்டியை நான்கு பேரும் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள்.

இப்போது நம் வீட்டிலும் விருந்தாளி. நீ பதற வேண்டாம். ஜன்னலுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். தண்ணீர் மேலே படாமல் பார்த்துக்கொள்கிறேன். அவள் வீட்டில் இருக்கும்போது ஊசி, கத்தி எதுவும் கண்ணில் படக் கூடாது, டாக்டரைக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாள். ராலி காதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுகிறாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். எல்லாம் சரியாகிவிடும்.

பென்கா


தெசலோனிக்கி
27 டிசம்பர் 1993

பென்கா அண்ணிக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ராலி எப்படி இருக்கிறாள்?

நான் பெயரைச் சொல்லப்போகிறேன் அண்ணி, நீங்கள் கோபித்தாலும் சரி. அது தட்டம்மை. கிழவியும் இல்லை, விருந்தாளியும் இல்லை. எவாந்தியா அம்மாளின் பேத்தி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "டாக்டர் பாத்தாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நோயுள்ள வீட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போனீர்கள் என்பதை அவளிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

காலில் விழுந்து கேட்கிறேன். டாக்டர் கொலேவைக் கூப்பிடுங்கள். வர மாட்டேன் என்றால் மீத்கோவின் வேனில் போர்த்தி எடுத்துக்கொண்டு போங்கள். அவன் மாட்டேன் என்று சொல்ல மாட்டான்.

நானே ஓடி வந்துவிடுவேன். ஆனால் என் விசா முடிந்து மாசக்கணக்காகிறது. எல்லையைத் தாண்டினால் முத்திரை குத்திவிடுவார்கள், மறுபடி உள்ளே விட மாட்டார்கள். சுரங்கமும் மூடிவிட்டது, ஊரில் என்ன வேலை இருக்கிறது? நாம் மூன்று பேரும் எதைத் தின்பது? இதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

இரண்டாம் தேதி ஞாயிறு. தொலைபேசியில் பேசுவேன். அவள் குரலைக் கேட்டால் போதும்.

நெவெனா


கலினோவோ
16 ஜனவரி 1994

நெவெனாவுக்கு,

விருந்தாளி போய்விட்டாள். உடம்பில் ஒரு தழும்பு இல்லை. சிவப்புத் துணியை அவிழ்த்து, வீட்டைக் கழுவி, ராலியைக் குளிப்பாட்டிவிட்டேன். சாப்பிடுகிறாள். பனியில் புரள்கிறாள். கன்னம் மறுபடி உப்பிவிட்டது. மரீகாவின் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். டாக்டரைக் கூப்பிட்டுக் கிழவியைச் சீண்டாமல் இருந்ததே நல்லதாயிற்று.

இரண்டாம் தேதி தபால் ஆபீசுக்கு வர முடியவில்லை. பனி இடுப்பளவு. ஸ்லாத்கா சொல்லியிருப்பாள்.

ராலி முன்பு மாதிரி இல்லை, ரொம்பச் சமத்தாகிவிட்டாள். அவள் பாட்டுக்கு விளையாடுகிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவ்வளவு திமிர், உன்னை மாதிரியே. நோய் வந்து தேறின பிள்ளைகள் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம், மரீகா சொன்னாள்.

உனக்குக் கம்பளிக் காலுறை பின்னி மீத்கோவிடம் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டுத் தரை சில்லென்று இருக்கும் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தாயே. போட்டுக்கொள்.

பென்கா


தெசலோனிக்கி
8 பிப்ரவரி 1994

அன்புள்ள அண்ணிக்கு,

காலுறை கிடைத்தது. இப்போதும் காலில்தான் இருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி?

முந்தாநாள் தொலைபேசியில் என்ன நடந்தது அண்ணி? ராலி, ராலி என்று எத்தனை தடவை கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மூச்சுதான், மூக்கடைத்த அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? "அம்மாடி, பேசு. அம்மா சொல்லு" என்று நீங்கள் ரகசியமாகச் சொன்னதும் கேட்டது. அப்புறம் அவள் ஏதோ கத்தினாள். வார்த்தையே இல்லை. நீங்கள் ரிசீவரைப் பிடுங்கி, "வெக்கப்படுறா, நெவெனா. ரொம்ப நாளாச்சில்ல" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஆடு முட்டியதைச் சொல்லத் தெரிந்தவளுக்கு என்ன வெட்கம்?

என்னை மறந்துவிட்டாளா? அப்படியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன்.

இங்கே ஒரு பெண்ணிடம் டேப் ரிக்கார்டர் இருக்கிறது. என் குரலில் ஒரு கேசட் பதிந்து மீத்கோவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் பிடித்த பாட்டெல்லாம் பாடியிருக்கிறேன். மரீகா வீட்டில் போட்டுக் காட்டுங்கள். அவள் என்ன சொன்னாள், சிரித்தாளா, அழுதாளா என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

நெவெனா


கலினோவோ
3 மார்ச் 1994

நெவெனாவுக்கு,

எல்லாரும் நலம். முந்தாநாள் மார்ச் முதல் தேதி, ராலியின் கையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டினேன். உனக்கும் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். முதல் நாரையைப் பார்க்கிற வரைக்கும் அவிழ்க்காதே.

கேசட்டைக் கேட்டோம். நன்றாகப் பாடியிருந்தாய். ராலி சிரித்தாள். அம்மா எப்போது வரும் என்று கேட்டாள். சீக்கிரம் வரும் என்று சொன்னேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஆடு குட்டி போட்டிருக்கிறது.

வருகிற ஞாயிறு நீ கூப்பிட வேண்டாம். ஸ்லாத்கா தன் மகள் வீட்டுக்குப் போகிறாள்.

பென்கா


தெசலோனிக்கி
5 ஏப்ரல் 1994

பென்கா அவர்களுக்கு,

மார்ச் மாதம் ஸ்லாத்கா எங்கேயும் போகவில்லை. நேற்றைக்கு முந்தின நாள் கூப்பிட்டபோது அவளே எடுத்தாள். "உன் நாத்தனார் இந்தப் பக்கமே வர்றதில்லையே" என்றாள். வேறு எதையோ சொல்ல வந்து விழுங்கிவிட்டாள்.

பிறகு மீத்கோவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் சொன்னான். "அக்கா, கேசட்டைக் குடுக்கப் போனேன். பாப்பா வழியில உக்காந்து மண்ணுல விளையாடிட்டு இருந்தா. ஹார்ன் அடிச்சேன். திரும்பவே இல்ல. பக்கத்துல போயி நின்னு அடிச்சேன். கோழியெல்லாம் பறந்துச்சு. பாப்பா மட்டும் அசையல. அப்புறம் வேனோட நிழலைப் பாத்துட்டுத்தான் திரும்புனா."

இதையே அவனை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அவள் கேசட்டைக் கேட்டுச் சிரித்தாள் என்று எழுதினீர்கள். அம்மா எப்போது வரும் என்று கேட்டாள் என்று எழுதினீர்கள். உங்கள் சொந்தத் தம்பியின் பிள்ளை அவள். இனிமேல் பூசி மெழுக வேண்டாம். அவளுக்குக் காது கேட்கிறதா இல்லையா? எப்போதிலிருந்து? யாரிடம் காட்டினீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நெவெனா


கலினோவோ
24 ஏப்ரல் 1994

நெவெனா,

கேட்கவில்லை. இரண்டு காதும்.

சட்டி விழுந்தால் நான்தான் துள்ளுகிறேன், அவள் துள்ளுவதில்லை. ஜனவரியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சளி அடைத்திருக்கும், வசந்தம் வந்தால் இறங்கிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிப்ரவரியில், நீ தொலைபேசியில் கத்தின அந்த வாரமே, நகரத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காய்ச்சலில் காதின் உள் நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். மருந்து இல்லை. "எங்கம்மா இருந்தீங்க இவ்வளவு நாளா?" என்று கேட்டார். தேன் தடவிக்கொண்டு இருந்தேன் என்றா சொல்வது?

பேச்சும் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் பெரிய வார்த்தைகள் குழறின. பிறகு தண்ணீர் என்பதற்குப் பதில் என்னைக் குடத்தருகே இழுத்துக்கொண்டு போனாள். இப்போது சத்தம்தான் வருகிறது. தன் குரலே தனக்குக் கேட்காவிட்டால் பிள்ளை எதை வைத்துப் பேசும்?

கேசட் விஷயத்தில் முழுப் பொய் இல்லை. போட்டேன். அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். நீ பாடும்போது அது அதிர்ந்தது, அதற்குச் சிரித்தாள். மரீகா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நீ ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். இதை எப்படி எழுதுவது?

திட்டு. எனக்கு உறைக்காது, நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று. ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு வருஷம் பிள்ளையை நீ கையில் வைத்திருந்தபோது அந்த ஊசியை ஏன் போடவில்லை? என் தம்பி செத்த துக்கம் எனக்கும்தான் இருந்தது.

காது கேளாதவர்கள் பள்ளிக்கூடம் ப்ளோவ்திவில் இருக்கிறதாம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுப்பில் போட்டுவிட்டேன். வரிசையாகக் கட்டில் போட்டு, யார் பெற்ற பிள்ளைகளோடோ படுக்க வைப்பார்கள். ஊமைப்பள்ளி என்று ஊர் சொல்லும், பிறகு எவன் கட்டுவான் அவளை? எனக்கு அவள் கை சொல்வது புரிகிறது. என் கை சொல்வது அவளுக்குப் புரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் போதும். அவளைக் கொண்டுபோக நீ வந்தால் கதவு திறக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

பென்கா


தெசலோனிக்கி
15 மே 1994

பென்கா அவர்களுக்கு,

எனக்குப் பதிலாக ஒரு பெண் கிடைத்துவிட்டாள். மாதக் கடைசியில் வருகிறேன். திரும்பி வர விட மாட்டார்கள் என்று தெரியும்.

ஊசி விட்டுப்போனதில் என் தப்பும் உண்டு. அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். அதற்காக அவளை உங்களிடமே விட்டுவிட முடியாது.

நீங்கள் அடுப்பில் போட்ட சீட்டுக்கு நான் வேறு வாங்கிக்கொள்வேன். பள்ளிக்கூடத்துக்கு எழுதி, பதிலும் வந்துவிட்டது. அவள் வயதுப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் வருகிறாளோ அவ்வளவு நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளியிலேயே துணி வெளுக்கும் இடத்தில் எனக்கும் வேலை தருகிறார்கள். உங்கள் ஒருவருக்கு மட்டும் புரிகிற பிள்ளையாக அவள் வளர்ந்தால், உங்களுக்குப் பிறகு அவள் யாரிடம் பேசுவாள்? இதை நீங்கள் யோசித்தீர்களா?

கதவைப் பூட்டினால் போலீசோடு வருவேன். அவளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, நீங்கள் அவளைப் பார்க்க வர வேண்டாம். விருந்தாளி என்று உபசரித்து என் பிள்ளையைத் தின்னக் கொடுத்தவர் நீங்கள்.

நெவெனா


கலினோவோ
19 ஜூன் 1994

நெவெனாவுக்கு,

நீ பதில் போட மாட்டாய். ஆனாலும் சில விஷயம் உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

நீ அவளைக் கூட்டிப்போக வந்த அன்று நான் மண்வெட்டியோடு வாசலில் நின்றது உன்னை அடிக்க இல்லை. கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராலி என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதையும், நீ தூக்கியபோது உன் மணிக்கட்டைக் கடித்ததையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஊர் பேர் தெரியாத யாரோ தூக்குகிறார்கள் என்றுதான் அவளுக்கு. ரத்தம் வந்தும் நீ கையை எடுக்கவில்லை, பார்த்தேன். அப்போதுதான் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

நானும் வருகிறேன் என்று சைகை காட்டித்தான் அவளை வேனில் ஏற்றினேன். மடியில் வைத்துக்கொண்டேன். தூங்கினாள். மலை இறக்கத்தில் மீத்கோவை நிறுத்தச் சொல்லி, அவளை உன் மடிக்கு மாற்றிவிட்டு இறங்கிவிட்டேன். நடந்தே வீடு வந்தேன். வழியெல்லாம், இப்போது கண் விழித்திருப்பாள், என்னைத் தேடுவாள் என்று அதுவேதான். கத்தினாளா? எழுத வேண்டாம், எழுதாதே.

இதைக் கேள். விளக்கை அணைக்காதே. இருட்டில் அவளுக்குக் கையும் தெரியாது, முகமும் தெரியாது, உலகமே போன மாதிரி அலறுவாள். பின்பக்கமாகப் போய்த் தொடாதே, தரையைக் காலால் தட்டிவிட்டுப் போ. சூப்பில் புளிப்பு இருந்தால் சாப்பிடுவாள். கோபம் வந்தால் சுவரைப் பார்த்து உட்காருவாள், அப்போது அவளைத் திருப்பாதே, எதிரே போய் உட்கார். தானே வருவாள்.

டாக்டர் எழுதினதை அடுப்பில் போட்டது தப்பு. மரீகா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் தப்பு. நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் என்று சொன்னால் அவளுக்குக் காது வருமா?

என் சுகத்தைக் கேட்காதே.

பென்கா


ப்ளோவ்திவ்
16 அக்டோபர் 1994

அன்புள்ள பென்கா அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் ஜூன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான். இன்னும் முழுக்கப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் நீங்கள் எழுதின ஒவ்வொன்றையும் செய்தேன். விளக்கை அணைப்பதில்லை. தரையைத் தட்டிவிட்டுத்தான் கிட்டே போகிறேன்.

நீங்கள் பயந்த மாதிரி இல்லை இந்த இடம். கட்டில் வரிசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அறை மாடியிலேயே இருப்பதால் அவள் என்னோடு படுக்கிறாள். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். ரத்யேவா டீச்சர் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து வாயசைக்கச் சொல்லித் தருகிறார். ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள், டீச்சர் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார். ராலி வந்த முதல் மாதம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் கை ஓய்வதில்லை. வாய் ஓயாது என்று நீங்கள் ஒரு காலத்தில் எழுதினீர்கள், அதே கதைதான்.

இங்கே எல்லாருக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகளே வைப்பது. டீச்சருக்கு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுகிற மாதிரி. சமையல்காரருக்கு மீசையை முறுக்குகிற மாதிரி. ராலியும் எல்லாருக்கும் பெயர் வைத்துவிட்டாள். வாயில்காப்பாளரின் நாய்க்குக்கூட ஒன்று வைத்திருக்கிறாள்.

தினமும் அவள் என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு இறுக்குகிற மாதிரி காட்டுவாள். காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். முதலில் எனக்குப் புரியவில்லை. குளிருகிறது என்கிறாள் என்று நினைத்துத் தொப்பி மாட்டிவிட்டேன். பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி அதையே காட்டினாள். பிறகு ஒரு நாள், கடைத்தெருவில் உங்களை மாதிரியே தலைத்துணியைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டு போன ஒரு கிழவியைப் பார்த்துவிட்டு, என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்தாள். நீங்கள் இல்லை என்று தெரிந்ததும் நடைபாதையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் வரும்போதெல்லாம் வாயிலுக்குப் போகிறாள். தூங்கும் வரைக்கும் தன்னை மடியில் வைத்திருந்தவர் எங்கே போனார் என்று கேட்கிறாள் அண்ணி. என்னிடம் அதற்குக் கை இல்லை. வார்த்தையும் இல்லை.

எனக்கு அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். மற்ற பிள்ளைகள் என்னைக் காட்டி இது யார் என்று அவளைக் கேட்டார்கள். துணி பிழிகிற மாதிரி கையைக் காட்டினாள். இங்கே துணி வெளுக்கிற எங்கள் நான்கு பேருக்கும் அதுதான் சைகை. நான் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீங்கள் பார்க்க வர வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். அதே கையால் இப்போது எழுதுகிறேன், வாருங்கள். வியாழக்கிழமை மீத்கோ இந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா என்பதை நீங்கள் இரண்டு பேரும் கையால் எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குள் அதற்கு ஏதாவது ஒன்று இருந்திருக்கும். வந்து என்னைக் காட்டி, அதை அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் நம்புவாள்.

உங்கள் நெவெனா